சித்தி தெரிவு செய்த தூண்டில் தடி

என் வயதுக்காரர் நாலு பேர் கூடினால் கதை எங்கே தொடங்கினாலும் இடப்பெயர்வில்தான் வந்து நிற்கும். யார் எந்தப் பாதையால் போனது, எந்த மரத்தடியில் எதை விட்டுவிட்டு வந்தது என்று. குறை சொல்லவில்லை, நானும் அப்படித்தான் கதைப்பேன். ஆனால் நடுவில் எங்களுக்கு ஒரு நாலைந்து வருடம் கிடைத்தது. சண்டை நின்று பாதை திறந்த காலம். கிளிநொச்சிச் சந்தையில் அப்பிளை ஒவ்வொன்றாக மெல்லிய கடதாசியில் சுற்றி வைத்திருப்பார்கள். அந்தக் கடதாசியை மணந்து பார்க்கவே நாங்கள் கடை வாசலில் நிற்போம். வெளிநாட்டில் இருந்து வந்தவர்கள் தண்ணீர்ப் போத்தலும் வெயில் தொப்பியுமாகத் திரிந்தார்கள். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. இன்று முன்தலையில் நரை விழுந்துவிட்டது. அந்த வருடத்து மாசி மாதம் எங்கள் வீட்டில் ஒரு தூண்டில் தடி தெரிவு செய்யப்பட்டது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

தெரிவு செய்தவர் என் சித்தி, அம்மாவின் கடைசித் தங்கை. அப்போது இருபத்தேழு வயது. முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்தில் இருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்த குடும்பம் எங்களுடையது. குளத்துக்குக் கீழே வயல், வயலுக்கு ஓரமாக வீடு. அந்த வீட்டில் பெரியமாமாதான் எல்லாம். அவர் அம்மாவுக்கும் சித்திக்கும் மூத்த அண்ணன், கலியாணம் கட்டாதவர். அப்பா லொறி ஓட்டமாக மாதத்தில் பாதி நாள் வவுனியாவில் நிற்பார்.

சனிக்கிழமை பின்னேரமானால் சித்தி பாவாடையை ஒரு சாண் தூக்கிச் செருகிக்கொண்டு, மூங்கில் தடியும் மண்புழுச் சிரட்டையுமாகக் குளக்கட்டுக்குப் போய்விடுவார். மண்புழுவைக் கையால் தொடுவார். அம்மாவுக்கு அதுதான் பெரிய வெட்கம். ஒருமுறை பெண் பார்க்க வந்த ஒரு கந்தோர் உத்தியோகத்தர், வீட்டுக்கு வழி கேட்டதே குளக்கட்டில் நின்ற சித்தியிடம்தான். சித்தி வழியைச் சொல்லிவிட்டு, "நீங்கள் போய் இருங்கோ, பெண் இப்ப வரும்" என்றிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் கையில் இரண்டு விரால் மீனோடு பெண் போய்ச் சேர்ந்தது. அந்தச் சம்பந்தம் சரிவரவில்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் கனடாப் பேச்சு. மற்ற வெளிநாட்டு மாப்பிள்ளைகளின் படத்தில் கழுத்துப்பட்டி இருக்கும், பின்னால் கார் நிற்கும். இவருடைய படத்தில் இவர் இடுப்பளவு ஆற்றில், இறப்பர்க் காற்சட்டையோடு, இரண்டு கையிலும் ஒரு வெள்ளி நிற மீனைத் தாங்கிக்கொண்டு நின்றார். பெரியமாமா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பஸ் திருத்துற வேலை எண்டெல்லே சொன்னவை. இது என்ன கோலம்?"

"ஞாயிற்றுக்கிழமையில பொழுதுபோக்குக்குப் பிடிக்கிறவராம்" என்றா அம்மா.

சித்தி படத்தை வாங்கி விளக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். ஆளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "இது என்ன மீன்?" என்றுதான் கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. படத்தை அவர் திருப்பித் தரவும் இல்லை.

மாசி பிறந்து ஒரு கிழமையில் அவர் வந்து இறங்கினார். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான ஆள், வெயிலுக்கு மூக்கு மட்டும் சிவந்திருந்தது. பத்தொன்பது வயதில் நாட்டை விட்டுப் போனவர் அதற்குப் பிறகு வந்தது அதுதான் முதல் தடவை. தோளில் ஓர் ஆள் நீளத்துக்குப் பாதியாக ஒரு குழாய் தொங்கியது. ஓமந்தையில் ஆமியும் இயக்கமும் சோதிக்கிற இடத்தில் இந்தக் குழாயால் மூன்று மணித்தியாலம் போய்விட்டதாம். முதல் சாவடியில் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார்களாம். அடுத்த சாவடியில் கண்ணை வைத்து உள்ளே பார்த்தார்களாம். ஒரு பக்கத்தில் சிங்களத்திலும் மற்றப் பக்கத்தில் தமிழிலும் கேட்ட கேள்வி ஒன்றுதான். மீன் பிடிக்கவா இவ்வளவு தூரம் வந்தாய் என்று.

விறாந்தையில் கதிரைகள் போட்டு, தேத்தண்ணி கொடுத்து, எல்லோரும் இருந்தோம். பெரியமாமாவுக்கு ஒரு சேட், அம்மாவுக்குச் சேலை, எனக்குச் சொக்கலேற். சித்திக்கு என்ன என்று அம்மா வாயைத் திறந்து கேட்கவில்லை, கண்ணால் கேட்டா. சங்கிலி ஒன்றை எதிர்பார்த்திருந்தா. அவர் குழாயைத் திறந்து துணியில் சுற்றிய மூன்று கட்டுகளை எடுத்துப் பாயில் வைத்தார். ஒவ்வொன்றும் நாலு துண்டு. ஒன்றுக்குள் ஒன்றைச் செருகினால் கூரை முகட்டைத் தொடும் நீளத்துக்கு ஒரு தடி வரும். நுனி குண்டூசி மாதிரி இருந்தது.

"இதில ரெண்டு புதுசு, ஒண்டு என்ர. அவா புதுசில ஒண்டைத் தெரிவு செய்யட்டும்" என்றார். "கடிதத்தில அண்ணை எழுதியிருந்தார், அவாவும் பிடிக்கிறவா எண்டு."

பெரியமாமா அம்மாவைப் பார்த்தார். சித்தி மீன் பிடிப்பதை ஒரு குறையாக, பிறகு பேச்சு வரக்கூடாது என்று முன்கூட்டியே எழுதியிருக்கிறார் மனிதர். இந்த ஆள் அதையே சீதனமாக எடுத்துக்கொண்டுவிட்டார்.

"உங்கை கனடாவில மோதிரம் மாத்த முதல் தடிதான் பாக்கிறவையோ?" என்று அம்மா கேட்டா.

அவருடைய காதும் சிவந்தது. "இல்லையக்கா. நான் மட்டும்தான்."

சித்தி கதவோரத்தில் நின்றவர் மூன்று எட்டில் பாய்க்கு வந்துவிட்டார். "அந்தப் படத்தில இருக்கிறது என்ன மீன்?"

அவர் பெயரைச் சொன்னார், ஸ்டீல்ஹெட். "இரும்புத் தலை எண்டு அருத்தம். ஆத்தில பிறந்து, கடலுக்குப் போய் வளந்து, பிறகு பிறந்த ஆத்துக்கே திரும்பி வாற மீன். பனிக்காலத்தில மேல ஏறும்."

அன்று இரவுக்குள் ஊர்ப் பிள்ளைகள் அவருக்கு இரும்புத்தலை மாமா என்று பெயர் வைத்துவிட்டார்கள். வைத்தது நான்தான்.

அரிவு வெட்டி முடிந்த வயலில்தான் தடி பார்க்கிற வேலை நடந்தது. சித்தியைத் தனியே விடக்கூடாது என்று என்னைக் காவலுக்கு அனுப்பினார்கள். காவல் என்ன காவல், அரைவாசி ஊர் வரம்பில் குந்தியிருந்தது. ஒட்டுத்தாள் காலில் குத்தும். வைக்கோல் மணமும் சேற்று மணமும் கலந்து வரும். அவர் முதலில் தன்னுடைய பழைய தடியால் எறிந்து காட்டினார். நூல் செவ்விளநீர் நிறம். கை பின்னால் போகும், ஒரு கணம் நிற்கும், முன்னால் வரும். நூல் ஆகாயத்தில் வளையமாக விரிந்து அறுபது அடிக்கு அங்கால் போய், ஒரு கொக்கு இறங்குவது போல வந்து படுக்கும். கொக்குகளும் அப்படித்தான் நினைத்தனவோ என்னவோ, இரண்டு எழும்பிப் பறந்தன.

"எங்கட தூண்டிலில ஈயம்தான் பாரம், அது நூலை இழுத்துக்கொண்டு போகும்" என்று அவர் சித்திக்குச் சொன்னார். "இதில முள்ளுக்குப் பாரமே இல்லை, ஒரு இறகுதான். நூலுக்குத்தான் பாரம். அந்தப் பாரத்தைத் தடி தாங்கவேணும், தடியை உங்கட கை தாங்கவேணும். ஆளுக்கு ஆள் வேறை. நான் சொல்ல ஏலாது, எறிஞ்சுதான் பாக்கவேணும்."

சித்தி எறிந்தார். முதல் எறியில் நூல் அவருடைய கழுத்தைச் சுற்றியது. இரண்டாவதில் என் காதைச் சுற்றியது. மூன்றாவதில் பக்கத்து வளவுக்காரரின் ஆட்டின் கொம்பில் மாட்ட, ஆடு வெருண்டு ஓட, நூல் சுற்றிய சக்கரம் கிறீச்சென்று கத்திக்கொண்டே நூலைக் கொடுத்தது. வரம்பு முழுக்கச் சிரித்தது. அவரும் குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சித்திக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீங்கள் அங்கால போய் இருங்கோ. பாத்துக்கொண்டு நிண்டால் எனக்கு வராது."

அவர் மறுபேச்சில்லாமல் தூரத்து வரம்புக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். மூன்று நாள் அப்படியே இருந்தார். சித்தி கேட்டால் திரும்பிப் பதில் சொல்லுவார், கேட்காவிட்டால் இல்லை. என் காதில் நூல் வரி மட்டும் பல நாள் இருந்தது.

அதற்கிடையில் வீட்டில் ஒரு சிக்கல் முளைத்தது. இரண்டாம் நாள் பின்னேரம் பெரியமாமா அவரிடம் கேட்டார், அந்தப் படத்து மீனைக் குழம்பு வைத்தால் எப்படியிருக்கும் என்று.

"தெரியாதண்ணை. நான் அதை விட்டிட்டன்."

"தப்பிட்டுதோ?"

"இல்லை. படம் எடுத்துப்போட்டு நானே விட்டனான். எல்லாத்தையும் விடுறனான்."

பெரியமாமா தேத்தண்ணிப் பேணியை வைத்துவிட்டுக் குசினிக்குள் போனார். நான் அங்கே தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன்.

"மெனக்கெட்டுக் குளிருக்க நிண்டு பிடிச்ச மீனை விடுறவன், நாளைக்குப் பிடிச்ச பெண்ணை வைச்சிருப்பானோ?" என்று அம்மாவிடம் கேட்டார். "எனக்குச் சரியாப் படேல்லை. வேறை இடம் பாப்பம்."

அந்த வீட்டில் பெரியமாமாவுக்குச் சரியாகப் படவில்லை என்றால் அது நடக்காது. நான் தேங்காய்ப் பாதியை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய்ச் சித்தியிடம் ஒரு சொல் விடாமல் சொன்னேன். சித்தி முதலில் சிரித்தார். பிறகு கிணற்றுக்கட்டில் கனநேரம் இருந்தார்.

அடுத்த நாள் வயலில் அவரை நேரே கூப்பிட்டுக் கேட்டார். "நீங்கள் ஏன் மீனை விடுறனீங்கள்?"

"நான் இருக்கிற பக்கம் எங்கட ஆக்கள் குறைவு. வேலை முடிஞ்சால் போய்க் கதைக்க ஒரு வீடில்லை. அதுதான் ஆத்துக்குப் போகத் தொடங்கினனான். அந்த மீன் எவ்வளவு தூரம் போயிட்டு ஊருக்கு வருது. வந்த இடத்தில அடிச்சுக் கொல்ல எனக்கு மனம் வரேல்லை. அவ்வளவுதான்."

சித்தி நூலைச் சுற்றினார். அந்தப் பதிலை நான் பெரியமாமாவிடம் கொண்டுபோகவில்லை. அது எடுத்துக்கொண்டு ஓடுகிற கதை இல்லை என்று பன்னிரண்டு வயதுக்கும் விளங்கியிருக்கவேண்டும்.

மூன்றாம் நாள் பின்னேரம் சித்திக்கு எறி வந்துவிட்டது. திடீரென்றுதான் வந்தது. முந்தின எறி வரைக்கும் நூல் சிக்கியது, அடுத்த எறி வளையமாக விரிந்து போனது. சித்தி வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பிறகு மூன்று தடிகளையும் மாறி மாறி எறிந்தார். வாடைக்காற்று அன்று பலமாக இருந்தது. அவர் சித்திக்கென்று மனதில் வைத்திருந்தது மெல்லிய புதுத் தடியை. பெண்களுக்கு அதுதான் தோது என்று நினைத்திருக்கிறார். சித்தி அதைக் கீழே வைத்தார்.

"இது காத்துக்கு நாணல் மாதிரி ஆடுது. மற்றது விறைச்சுப்போய் நிக்குது, என்ர கைக்குச் சொல்லுக் கேக்காது." பழைய தடியை எடுத்தார். பிடியில் தக்கை தேய்ந்து விரல் பதிந்திருந்தது. "இதுதான். கையில பிடிச்ச உடனை தெரியுது."

அவர் "அது என்ர தடி" என்றார்.

"தெரியும். நீங்கள்தான் ஆளுக்கு ஆள் வேறை எண்டனீங்கள். எனக்கு இதுதான் சரி."

பத்து வருடம் அந்தத் தடியோடு ஆற்றில் நின்றவர். அதைப் பிறகுதான் சித்தி சொன்னார். வரம்பில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு பார்த்தோம். அவர் தலையைச் சொறிந்தார். பிறகு சித்தி கீழே வைத்த மெல்லிய தடியைத் தான் எடுத்துக்கொண்டு, "அப்ப நான் இதைப் பழகிறன்" என்றார்.

அடுத்தது குளம். அங்கேதான் அவருடைய பெருமை கவிழ்ந்தது. பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தார், ரோசா, நீலம், மஞ்சள் என்று இறகில் கட்டிய முள்ளுகள். எங்கள் குளத்து விரால் ஒன்றும் அவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு நாள் காலையும் மாலையும் எறிந்தார். மாடு குளிப்பாட்ட வந்தவர்கள், "தம்பி, கனடா மீனுக்குத்தான் அது விளங்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

"இஞ்சத்தை விரால் தவளை தின்னிற சாதி" என்றார் சித்தி. "பூவைக் காட்டினால் வருமோ?"

சித்தி தானே தவளை மாதிரி ஒன்று கட்டப்போவதாகச் சொல்லி என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு தண்ணீரூற்று என்ற ஊருக்கு விட்டார். அங்கே, முஸ்லிம்களை வடக்கிலிருந்து வெளியேற்றிய காலத்தில் போய்ப் புத்தளத்தில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பி வந்த நானா ஒருவர், பழைய கடைச் சுவரில் புதுத் தகரம் போட்டுத் தூண்டில் சாமானும் சில்லறைச் சாமானும் வைத்திருந்தார். சித்தி கேட்ட முள்ளை அவர் எடுத்துத் தரவில்லை.

"விராலுக்கு இது காணாது மகள், அதின்ர வாய் பெரிசு" என்று அடுத்த தட்டில் இருந்து பெரியதைத் தந்தார். "குளம் நிரம்பி வான் பாய்ஞ்சதோ?"

"ஓம் நானா, தையிலயே பாய்ஞ்சது."

"அப்ப மேற்குப் பக்க அல்லிக்குள்ள நிக்கும். நான் இருக்கேக்க அங்கதான் நிண்டது. மாறியிருக்காது."

தவளைக்கு உடம்பு வேண்டும். என்னுடைய இடது கால் இறப்பர்ச் செருப்பின் குதியில் இருந்து ஒரு துண்டு போனது. காலுக்கு இறகு வேண்டும். பெரியமாமாவின் சேவல் மண்ணிறமும் கறுப்பும் கலந்த வாலோடு வளவெல்லாம் ராசா மாதிரி நடக்கும். நான் பிடித்துக்கொள்ள, சித்தி நாலு இறகு பிடுங்கினார். அடுத்த நாள் பெரியமாமா அதன் வாலைப் பார்த்துவிட்டு, கீரி வந்துபோயிருக்கிறது என்று கூட்டுக்கு இன்னொரு கம்பி அடித்தார்.

வெயில் சாயத் தொடங்கும் நேரம். மேற்குப் பக்கம், அல்லிக் கொடிகளின் விளிம்பு. சித்தி முழங்காலளவு தண்ணீரில், கையில் அந்தப் பழைய தடி. அவர் ஓரடி பின்னால். நான் கரையில், ஒரு காலில் செருப்போடு. செருப்புத் தவளை இலை ஓரத்தில் விழுந்தது. சித்தி நூலை மெல்ல இழுக்க, அது துள்ளியது, நின்றது, துள்ளியது. அப்போது தண்ணீர் வெடித்தது. வேறு சொல் எனக்குத் தெரியாது. கல் விழுந்தது போல ஒரு சத்தம், தடி அடிவரைக்கும் வளைந்தது.

"கொடிக்குள்ள விடாதேங்கோ" என்றார் அவர். அதோடு சரி, வாயை மூடிக்கொண்டார்.

மீன் கொடிக்குள்தான் போனது. சித்தி சாய்ந்து இழுத்தார், வழுக்கினார், ஒரு முழங்கால் சேற்றில் ஊன்றியது. நான் இரும்புத்தலை மாமாவைப் பார்த்தேன். அவருடைய இரண்டு கையும் தடியை வாங்க முன்னால் நீண்டன. நீண்ட கைகளை அவர் இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். கடைசி வரைக்கும் அவிழ்க்கவில்லை. விரல்கள் வெளுத்துப்போகும் அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தார்.

அதை நான் மட்டும் பார்க்கவில்லை. எங்களைக் கூட்டிப்போக வந்த பெரியமாமா, குளக்கட்டில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

சித்தி மீனைக் கரைக்குக் கொண்டுவந்தார். என் கையின் முழு நீளம், பாம்புத் தலை, வயிறு சந்தன நிறம். மூன்று பேரும் அதைச் சுற்றி நின்றோம். பெரியமாமாவும் இறங்கி வந்துவிட்டார். என்ன நடக்கப்போகிறது என்று நான் மூன்று முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"உங்கட மீன்" என்றார் அவர் சித்தியிடம். "நீங்கள் சொல்லுங்கோ."

"இது ஊரைவிட்டு ஒரு இடமும் போகாத மீன்" என்றார் சித்தி. "கறிதான்."

அவர் சிரித்த சிரிப்பில் அக்கரையில் இருந்த நீர்க்காகங்கள் எழும்பின. அன்று அம்மா புளி விட்டுக் காய்ச்சிய குழம்பில் அவர் மூன்று தரம் சோறு வாங்கினார். நடுத்துண்டை எடுத்து அவருடைய சோற்றுக் கோப்பையில் வைத்தது பெரியமாமாதான்.

மீனை விடுகிற ஆள் என்று பெரியமாமா சொன்னதை அந்த நாட்களில் நான் அப்படியே நம்பினேன், கோபமும் பட்டேன். இப்போது யோசித்தால் அவருக்கு மீனில் ஒரு பிரச்சினையும் இருக்கவில்லை. அவர்கள் கூடப்பிறந்தவர்கள் ஆறு பேர். அந்த வருடம் மிஞ்சியிருந்தது மூன்று பேர். மூன்றில் ஒன்றைக் கண்காணாத தேசத்துக்கு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. அதை வாயால் சொல்லத் தெரியாமல் மீனில் பிழை பிடித்தார். நான் மட்டுமல்ல, அம்மாவும் அதைப் பிறகுதான் விளங்கிக்கொண்டா என்று நினைக்கிறேன்.

சித்தி இரண்டு வருடத்தில் கனடா போய்விட்டார். விறைப்பாக இருந்த அந்தப் புதுத் தடியை எனக்கென்று விட்டுப்போனார்கள். நானும் அதனால் எறியப் பழகினேன். பிறகு சண்டை திரும்ப வந்து நாங்கள் எல்லோரும் வெளிக்கிட்டபோது அதை நாலு துண்டாகக் கழற்றிப் பாய்க்குள் சுற்றி எடுத்து வந்தோம். செட்டிகுளத்து முகாமில் பாயை விரித்தபோது அது இல்லை. எந்த இடத்தில் விழுந்தது என்று நாங்கள் ஆளுக்கு ஓர் இடம் சொல்வோம். அதை விடுங்கள். நான் சொல்ல நினைத்தது அந்த மீன் குழம்புக்கு அடுத்த நாள் காலையை.

மாட்டுக்கு வைக்கோல் போட நான் வெள்ளென எழும்பிப் பின்பக்கம் போனேன். வயலில் பனி இன்னும் எழும்பவில்லை. அதற்குள் ஓர் ஆள் நின்றார். சாரத்தை மடித்துக் கட்டி, தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு, சித்தியின் தடியை வைத்து எறிந்துகொண்டிருந்தார் பெரியமாமா. மண்வெட்டி பிடிக்கிற பிடி. கோடாலியால் விறகு கொத்துவது போல வீசினார். நூல் அவர் காலடியிலேயே குவிந்து விழுந்தது. அவர் குனிந்து பொறுமையாகச் சிக்கெடுத்தார், திரும்ப வீசினார். அடுத்த வீச்சில் நூல் வேலி முள்ளில் மாட்டியது. அதை எடுக்கத் திரும்பியவர் என்னைக் கண்டார்.

நான் ஓடவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. அவர் தொண்டையைச் செருமினார்.

"என்ன பாக்கிறாய்? தங்கச்சி அவ்வளவு தூரம் கொண்டுபோற சாமான். நல்லதோ எண்டு பாக்கவேணுமெல்லே" என்றார்.

நான் வைக்கோலைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டுக் குசினிக்கு ஓடினேன். அம்மா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தா. நான் சொன்னதைக் கேட்டு ஊதுகுழலைக் கீழே வைத்தா, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா, கலியாணத்துக்கு நாள் பார்க்கச் சுவரில் இருந்த கலண்டரைக் கழற்றினா.